கனடாவில் நான்கு செடி வளர்த்தேன், கொடைக்கானலில் ஒன்று கூடாதா?

மூஞ்சிக்கல்காரன்:
ஆறு வருடம் டொரண்டோ பக்கம் இருந்துவிட்டு தை மாதம் ஊருக்குத் திரும்பியவன் நான். அங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவுக்குத் தடை இல்லை. ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். ஆள் கணக்கு இல்லை, வீட்டுக் கணக்கு. நானும் அறையில் கூட இருந்த நண்பனும் சேர்ந்து வளர்த்தோம். செடி வளர்த்த அனுபவம் எனக்குச் சுத்தமாகக் கிடையாது. தாத்தா பூம்பாறையில் பூண்டு போட்டவர் என்ற பெருமை மட்டும்தான்.

முதல் செடி தண்ணீரால் செத்தது. இலை தொங்கினால் தாகம் என்று நினைத்து தினமும் ஊற்றினேன். வேர் அழுகினாலும் இலை அப்படியேதான் தொங்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாவதுக்கு எல்இடி விளக்கை நெருக்கிக் கட்டி நுனி இலையெல்லாம் வெளுத்துப்போனது. மூன்றாவது ஆண் செடி. கஞ்சாவில் பப்பாளி மாதிரி ஆண் வேறு, பெண் வேறு. அதன் மகரந்தம் நான்காவதின் மேல் விழுந்து பூ முழுக்க விதை. நான்கு மாத மின்கட்டணம், அடுத்த வீட்டு அம்மா கதவைத் தட்டி "பூனை மூத்திர வாடை வருகிறது" என்றது, எல்லாம் சேர்த்து கையில் கிடைத்தது கால் டப்பா விதை. ஆனாலும் டிசம்பரில் ஒன்பது மணி நேரம்கூடப் பகல் இல்லாத ஊரில், அறைக்குள் பச்சையாக ஒன்று நின்றதே, அது பெரிய ஆறுதல்.

அந்த விளக்கைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்திருக்கிறேன். என் வாடகை அறைக்குள், யாருக்கும் விற்காமல், ஒரே ஒரு செடி. யாருக்கு என்ன நஷ்டம்?

வட்டக்கானல் அக்கா:
உன் வீட்டுக்காரருக்கு நஷ்டம், தம்பி. 1985 போதைப்பொருள் சட்டத்தில் ஒரு செடி, நான்கு செடி என்ற கணக்கே இல்லை. 20-ஆம் பிரிவில் செடி வளர்த்தால் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். 25-ஆம் பிரிவு இன்னும் மோசம்: தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் அதே தண்டனை.

நான் இங்கே மூன்று அறை வாடகைக்கு விடுகிறேன். ஒரு மாதம் தங்கிய பையன் குளியலறை ஜன்னலில் தொட்டி வைத்திருந்தான். கேட்டால், "அக்கா, இது வெறும் செடிதானே" என்கிறான். அன்றைக்கே காலி செய்ய வைத்தேன். அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடியது நான்.

சுக்குக்காப்பி:
சட்டத்தில் இருக்கிறது என்பது ஒரு பதிலா, அக்கா? அதே சட்டம் பூவும் காயும் உள்ள நுனியைத்தான் கஞ்சா என்கிறது. தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. அதனால்தான் வடக்கே பாங்கு, அதாவது கஞ்சா இலையை அரைத்த சரக்கு, விற்கும் கடை அரசு உரிமத்தோடு நடக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. உத்தரகாண்டில் சணல் கஞ்சாவுக்கு உரிமமே தருகிறார்கள். அங்கே மலைக்காரன் வளர்த்தால் விவசாயம், இங்கே மலைக்காரன் வளர்த்தால் குற்றமா?

பிரிவு எட்டு:
பாதி பாதியாகப் படித்தால் இப்படித்தான். இலை கஞ்சா இல்லை, சரி. ஆனால் "கஞ்சாச் செடி" என்பதற்குச் சட்டத்தில் தனி வரையறை உண்டு. அந்த இனத்தின் எந்தச் செடியும் அதில் அடங்கும். எனவே இலையைத்தான் பறிப்பேன் என்றாலும் வளர்ப்பது குற்றம்தான். உத்தரகாண்டில் கொடுப்பது போதைச்சத்து மிகக் குறைந்த நார்ப்பயிருக்கு, 14-ஆம் பிரிவின்கீழ். ஐ.நா. விஷயமும் அப்படியே. மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலில் இன்றும் இருக்கிறது.

அப்புறம், வட்டக்கானல் அக்கா, தன் நிலத்தில் இந்தச் செடி இருப்பது தெரிந்தால் நிலக்காரர் தகவல் சொல்ல வேண்டும் என்று 46-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. சொன்னீர்களா?

வட்டக்கானல் அக்கா:
சொல்லவில்லை. இருபது வயதுப் பையன். அவன் அம்மா முகம் நினைவுக்கு வந்தது. திட்டுவதென்றால் திட்டுங்கள்.

சுக்குக்காப்பி:
பார்த்தீர்களா? தண்டனை அளவுக்கு மீறியது என்று அக்காவுக்கே தெரிகிறது. வாயால்தான் சொல்ல மாட்டேன் என்கிறார்.

வட்டக்கானல் அக்கா:
அளவுக்கு மீறியதுதான். அதனால்தான் என் வீட்டுக்குள் வேண்டாம் என்கிறேன்.

கோத்தகிரி பூக்காரர்:
சட்டம் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு இந்தத் தம்பியின் விளக்குக் கதைதான் பிடித்தது. பசுமைக்குடிலில் பதினொரு வருடமாகச் சாமந்தி போடுகிறேன். சாமந்தியும் அந்தச் செடியும் ஒரே குணம்: இரவு நீண்டால் பூக்கும். உங்கள் ஊரில் ஆனி மாதத்திலும் பகல் பன்னிரண்டே முக்கால் மணியைத் தாண்டாது. விளக்குப் போட்டு இரவை உடைக்காவிட்டால் சாமந்தி ஒரு சாண் வளர்வதற்குள் மொட்டு வைத்துவிடும். அதனால் இரவில் விளக்கு எரிப்போம், தண்டு நீண்டதும் நிறுத்துவோம். மூடுபனி மாதத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் சாம்பல் பூஞ்சை மூன்று நாளில் பூவைத் தின்றுவிடும். டொரண்டோவில் ஹீட்டர் அறையைக் காய வைத்திருக்கும். இங்கே துணியே காயாது.

ஷிப்ட் முடிந்தவள்:
நான் செவிலியர். "விற்கவில்லை, யாருக்கு நஷ்டம்" என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். எல்லோருக்கும் மனநோய் வரும் என்று பயமுறுத்த மாட்டேன், அது பொய். ஆனால் சின்ன வயதிலேயே, போதைச்சத்து கூடியதை அடிக்கடி எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம். கனடாவிலும் பெரியவர்களுக்கு மட்டும்தானே அனுமதி? உங்கள் அறைக்குத் தம்பி, தங்கை பிள்ளைகள் வந்து போவார்களா?

மூஞ்சிக்கல்காரன்:
என் கூடப்பிறந்த அக்கா மகன் வருவான். ஒன்பதாவது படிக்கிறான். அதை நான் யோசிக்கவே இல்லை, உண்மை.

ஒரு செடிக்குப் பத்து வருடம் என்பது நியாயம் என்று இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை மாற்ற வேண்டும் என்று கேட்பேன். ஆனால் என் நியாயத்துக்கு வீட்டுக்காரத் தாத்தா ஜீப்பில் ஏற வேண்டும் என்றால் முடியாது. கொண்டு வந்த விளக்கு சும்மா கிடக்கிறது. பூக்காரரே, சாமந்திக் கன்று தொட்டியில் வருமா?

கோத்தகிரி பூக்காரர்:
வரும். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றாதே.