சங்கும் சிலையும் விளக்கும் ஒரே அறையில்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தெருக்கோடி எழுதியது:

போன ஞாயிறு ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய வீட்டு மாடியில் நடந்த காட்சிக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் கட்டடக் கலைஞர். காலமெல்லாம் சேர்த்த பொருட்களை இரண்டு அறைகளில் அடுக்கி, தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டிருந்தார். ஓவியம், எலும்பு, சிப்பி, நாற்காலி, விளக்கு எல்லாம் கலந்து கிடந்தன. ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ராஜாக்களும் வைத்தியர்களும் வைத்திருந்த விந்தை அறைகளின் இன்றைய வடிவம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள்.

நுழைந்ததும் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியது. முழுக்கூடு இல்லை, பாதியில் நின்றுபோனது. பக்கத்தில் பனையோலைக் கிலுகிலுப்பை. கீழே இளம் வடிவமைப்பாளர் ஒருவர் செய்த பிரம்பு நாற்காலி. பின்னல் என்ற ஒரே வேலையை மூன்று அளவில் பார்க்கிறோம். அங்கே நின்ற பெண் சொன்ன விவரம் இன்னும் சுவை. கூடு கட்டுவது ஆண் குருவிதான். தலைக்கவசம் போல ஒரு நிலை வந்ததும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் ஆண் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கும். "இது அப்படித் தள்ளிவிட்ட கூடு சார்" என்றார். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 'ஊருக்குப் போய் எழுதுகிறோம்' என்று சொல்லும் நம் ஆட்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

அடுத்த மேசையில் காஞ்சிபுரத்துத் தறியிலிருந்து எடுத்த ஜக்கார்டு அட்டைகள். சேலைக் கரையில் எந்த இழை மேலே போக வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகள் முடிவு செய்யும். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய முறை நம் பட்டுத்தறிகளுக்கு மேலே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அட்டைகளை ஒட்டிக் காய்ந்த தேன்கூடு ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் சுவரில் சின்னச் சின்ன வட்டங்களாலேயே வரைந்த ஒரு கோட்டோவியம். அந்த மேசையை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை. அப்புறம் அரியலூர் பக்கத்து அம்மோனைட் (சுருள் ஓடுள்ள கடலுயிரின் புதைபடிவம்) ஒன்று, வீட்டுக்காரரே செய்த சுருள் மாடிப்படி மாதிரியின் அருகில். அரியலூர் கடலுக்கடியில் கிடந்த காலத்து உயிர் அது. அந்த இனமே சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் இரண்டு அறையிலும் ஒரு பொருளுக்குக்கூடப் பெயர்ச்சீட்டு இல்லை. அரியலூர், காஞ்சிபுரம் எல்லாம் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஒரு தட்டில் வெள்ளைப் பவளக்கொத்து இருந்தது. எங்கே கிடைத்தது என்றேன். "தாத்தா காலத்துப் பொருள்" என்று பதில். பவளப்பாறை உயிரிகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. விற்பதும் வாங்குவதும் குற்றம். சின்னதாக ஒரு வெண்கல அம்மன் இருந்தாள். நூறு வயது தாண்டிய உலோகச் சிலையை வைத்திருப்பவர் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அவள் எந்த ஊர், என்ன வயது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கலந்து வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. வந்த வழியைச் சொல்லாமல் வைத்தது உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது அனுபவம் உண்டா?

செத்தகாலேஜ் ரசிகை எழுதியது:

ஆழ்வார்பேட்டை அளவுக்குப் போவானேன்? எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறதே. எங்கள் பாட்டி கடைசிவரை அதைச் செத்த காலேஜ் என்றுதான் சொல்வார். மிருகக்காட்சிசாலை உயிர்க் காலேஜ்.

1851இல் மதராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 நிலவியல் மாதிரிகளோடு தொடங்கிய இடம். முதலில் கல்லூரிச் சாலையில் இருந்து, 1854இல் பாந்தியன் சாலைக்கு வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் மருத்துவர். புலி, சிறுத்தை என்று உயிரோடேயே அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார். அவற்றைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் 1855இல் வந்த மிருகக்காட்சிசாலை. பின்னால் அது பீப்பிள்ஸ் பார்க் போய், 1985இல் வண்டலூர் போனது.

என் அனுபவம் என்றால், பள்ளியில் கூட்டிப்போன நாள். திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அதே மூச்சில் திருவாலங்காட்டு நடராஜரிடம் வந்தோம். விலா எலும்பின் வளைவு கண்ணில் இருக்கும்போதே அந்தத் தூக்கிய காலைப் பார்த்தேன். அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, டீச்சர் அவசரமாக ஓட்டிப்போன வரிசை அப்படி. அங்கே பெயர்ச்சீட்டு எல்லாவற்றுக்கும் உண்டு, தெருக்கோடி சார். சிலவற்றில் மை மங்கி, கண்ணாடியில் முகத்தை ஒட்டித்தான் படிக்க வேண்டும்.

சிப்பிக்காரர் எழுதியது:

நான் விலங்கியல் வாத்தியார், ஓய்வு பெற்றவன், ராயபுரம். இந்தப் பெயர்ச்சீட்டு விவகாரத்தில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு.

என் மைத்துனர் கலைப்பொருள் கடை ஒன்றில் வலம்புரிச் சங்கு வாங்கினார். கடை பெயர் வேண்டாம். அலமாரியில் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் பித்தளை நாழிகை வட்டிலுக்கும் நடுவில், கீழே விளக்கு போட்டு, அம்சமாக வைத்திருந்தார்களாம். விலையைக் கேட்டு என் தங்கைக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. "மச்சான், நீங்க படிச்சவர், பார்த்துச் சொல்லுங்க" என்று கொண்டுவந்தார்.

சங்கின் குறுகி நீளும் வால் முனையை மேலே பிடித்து, திறப்பை நம் பக்கம் திருப்பினால், நம் கடலில் எடுக்கும் சாதாரணச் சங்குக்குத் திறப்பு இடப்பக்கம் இருக்கும். அது இடம்புரி. வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. மைத்துனரின் சங்கு வலப்பக்கம்தான் திறந்தது. ஆனால் விரலை உள்ளே விட்டுத் தடவினேன். நடுத்தண்டு வழவழவென்று இருந்தது. நம் தூத்துக்குடிக் கடலில் சங்குகுளிப்பவர்கள் எடுக்கும் இனத்துக்கு அந்தத் தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாக இருக்கும். விரலுக்கே தெரியும். அது இல்லை என்றால் வேறு பிறவி. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் கிடைக்கும் ஒரு நத்தையினம் பிறப்பிலேயே இப்படித்தான் சுற்றும். அங்கே இது அபூர்வமே இல்லை. இங்கே வந்ததும் லட்சுமி கடாட்சம் ஆகிவிடுகிறது.

மைத்துனர் முகம் சுண்டிவிட்டது. "பூஜையில் வைக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க" என்றார். வைக்கலாம், கடவுளுக்கு மெக்சிகோவும் தெரியும் என்றேன். பணம் திரும்ப வரவில்லை.

இதில் வேடிக்கை, ஐரோப்பிய விந்தை அறைகளிலும் இதே கதை நடந்தது. ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று ராஜாக்கள் பொக்கிஷமாக வைத்திருந்ததை, கோபன்ஹேகனில் ஓலே வோர்ம் என்ற வைத்தியர் 1638இல் நார்வால் என்ற திமிங்கில வகையின் பல் என்று விளக்கினார். அவரும் பெரிய விந்தை அறை வைத்திருந்தவர்தான். சேர்க்கிற ஆளே சோதித்தும் பார்த்தார், அதனால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

கோயில்மணி எழுதியது:

அம்மோனைட்டை ஏதோ அதிசயம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தினமும் அதற்குப் பால் அபிஷேகம் நடக்கிறது. நேபாளத்துக் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமம் வேறென்ன? சக்கரம் சக்கரமாகத் தெரிவது அந்த உயிரின் ஓடுதான். பக்கத்திலேயே ரவிவர்மா அச்சுப்படம், மயிலிறகு, தாத்தாவின் ஜெர்மன் கடிகாரம். அனுமதி இலவசம். சுண்டலும் உண்டு.

லைப்சிக் தமிழன் எழுதியது:

வேலைக்காக ஜெர்மனியில் லைப்சிக் வந்து மாட்டிக்கொண்ட மயிலாப்பூர்க்காரன். ரயிலில் கொஞ்ச தூரத்தில் ஹாலே என்ற ஊர். அங்கே ஃபிராங்கே என்ற பாதிரியார் நிறுவிய அநாதை இல்லத்தின் மேல்மாடியில், பழைய விந்தை அறை ஒன்று அப்படியே இருக்கிறது. 1741 வாக்கில் கிரண்ட்லர் என்ற ஓவியர் ஒழுங்குபடுத்தியது. அலமாரிகளின் உச்சியில், உள்ளே என்ன இருக்கிறதோ அதையே வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். சிப்பி அலமாரி எது என்று எழுத்துத் தெரியாத குழந்தைகூடச் சொல்லிவிடும். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது.

சுற்றிக்கொண்டே வந்தவன் ஓலைச்சுவடிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். தமிழ் எழுத்து! 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை அனுப்பியதில் ஹாலேக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாலேயிலிருந்து அச்சு எழுத்துகள் தரங்கம்பாடிக்குப் போயின, அங்கிருந்து ஓலைகளும் பொருட்களும் ஹாலேக்கு வந்தன. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள எழுத்தை நான் முணுமுணுவென்று கூட்டிப் படித்ததைப் பார்த்து, காவலில் இருந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "உங்களுக்குப் படிக்க வருமா?" என்று கேட்டார். பாதிதான் வருகிறது, புள்ளியும் இல்லை, காலும் கொம்பும் குழம்புகிறது என்று விளக்கினேன். நம் வீட்டுப் பொருள் யாரோ ஒருவரின் விந்தையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையா கோபமா என்று கேட்டால், இரண்டும். கோபம் கொஞ்சம் குறைந்ததற்குக் காரணம், எந்த ஊரிலிருந்து வந்தது என்று மறைக்காமல் எழுதியிருந்ததுதான்.

அல்லிக்குளம் எழுதியது:

மூர் மார்க்கெட்டை யாரும் சொல்லவில்லையே! அதைவிட விந்தை அறை இந்த ஊரில் இருந்ததா? சென்ட்ரல் பக்கத்தில் 1900இல் திறந்த செங்கல் கட்டடம். பழைய புத்தகக் கடைக்கு அடுத்து கிராமபோன் தட்டு, அதற்கடுத்து கிளிக் கூண்டு, அதற்கடுத்து யாரோ ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வந்த பெல்ஜியம் கண்ணாடி. அப்பா பேரம் பேசுவதில் கெட்டிக்காரர். "இது எங்கேருந்து வந்துச்சு பாய்?" என்று முதலில் கதை கேட்பார். கதை நன்றாக இருந்தால் விலையைக் குறைக்க மாட்டார். கதையே பாதி பொய் என்று அவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் இருக்கும் பித்தளைத் தொலைநோக்கி அப்படி வந்ததுதான். எம்டன் கப்பல் குண்டு போட்டபோது துறைமுகத்தில் ஒருவர் அதன் வழியாகப் பார்த்தாராம். சிரிக்காதீர்கள்.

1985 மே 30 அன்று தீப்பிடித்தது. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின, மார்க்கெட் நின்ற இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். பாரிஸில் 1831 முதல் இயங்கும் டேரோல் என்ற கடை, பாடம் செய்த விலங்குகளும் பூச்சிகளும் வண்டுகளும் விற்கும் கடை, 2008இல் எரிந்தது. அதை மறுபடி எழுப்பிவிட்டார்கள். இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை.

பல்லாவரத்துக் கல் எழுதியது:

அல்லிக்குளம் அண்ணா, அதே மே 30தான். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எங்கள் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த நாள். சும்மா சொல்லிவைக்கிறேன்.

தெருக்கோடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆழ்வார்பேட்டை வீட்டுக்காரரிடம் இதைப் பற்றித் தொலைபேசியில் பேசினேன். கோபப்படவில்லை. "சீட்டு ஒட்டினால் ஜனங்கள் சீட்டைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. தூக்கணாங்குருவிக் கூட்டையும் நாற்காலியையும் நான் அத்தனை நேரம் பார்த்ததற்கு, படிக்க எதுவும் இல்லாததும் ஒரு காரணம்.

ஆனால் பல்லாவரத்துக்காரர் நினைவூட்டிய ஃபூட்டையே எடுத்துக்கொள்வோம். தன் சேகரிப்பை 1904இல் மதராஸ் அரசுக்கு விற்றார், எழும்பூருக்கு வந்தது. ஒவ்வொரு கல்லும் எங்கே கிடைத்தது என்று எழுதிய அவருடைய விரிவான பட்டியல், 1912இல் அவர் இறந்த பிறகு அச்சானது. அந்தப் பட்டியல் இல்லை என்றால் அவை சரளைக்கல் குவியல்தான். பொருள்மேல் ஒட்ட வேண்டாம், எண் மட்டும் போடுங்கள், வாசலில் ஒரு நோட்டு வையுங்கள் என்று சொன்னேன். அம்மன் பற்றி விசாரித்துப் பதிவு செய்வதாகச் சொன்னார். பவளத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார்.

சிப்பிக்காரர் ஐயா, அங்கேயும் ஒரு வலம்புரி இருந்தது. அடுத்த முறை உங்களைக் கூட்டிப்போகலாமா?

சிப்பிக்காரர் எழுதியது:

தாராளமாக. ஆனால் விரலை விட அனுமதி வாங்கிவையுங்கள். எழும்பூரும் போகலாம், நடந்து போகிற தூரத்தில் ரயில் நிலையம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.