மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த கரிசலில் வேம் பூசணம் பலன் தருமா?

விவசாய நண்பர்களுக்கு வணக்கம். முதுகுளத்தூர் பக்கம், கரிசல் மண், மானாவாரி முண்டு மிளகாய். புரட்டாசிக் கடைசியில் விதைத்தது. மார்கழி பாதிக்குமேல் மழை இல்லை. இப்போது முற்பகலிலேயே இலை துவண்டு தொங்குகிறது. பொழுது சாய்ந்தபின்தான் நிமிர்கிறது. பூவும் பிஞ்சும் காம்போடு உதிர்கின்றன.

விதைக்கும்போதே பாதி நிலத்தில் வேம் என்னும் வேர் உட்பூசணத்தைத் தொழுவுரத்துடன் கலந்து இட்டிருந்தேன். வேர்த்தூவி நுழைய முடியாத மண் இடுக்கிலும் இதன் இழை புகுந்து ஈரத்தையும் மணிச்சத்தையும் செடிக்குக் கொண்டுவரும் என்பதால் பெரிதும் நம்பினேன். ஆனால் இட்ட பாதிக்கும் இடாத பாதிக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

பொட்டலம் காலாவதியாகவில்லை. விதைக்குப் பூசணக்கொல்லி தடவவில்லை. வறட்சியைத் தாங்க உதவும் பிபிஎஃப்எம் என்னும் பாக்டீரியாக் கரைசலைத் தெளித்ததில் இரண்டொரு நாள் செடி தெளிந்தது, அவ்வளவுதான். வேரழுகலோ என்று பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, நாற்றமின்றி இருக்கிறது. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உள்ளே பூசணம் தெரியும். அந்த வசதி அருகில் இல்லை.

என் சந்தேகமெல்லாம் மண்மேல்தான். பரிசோதனை அட்டையில் மணிச்சத்து 'அதிகம்' என்றிருக்கிறது. முன்பு குத்தகைக்கு உழுதவர் மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை ஆண்டுதோறும் கொட்டியிருக்கிறார். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்துக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வேரில் அது பரவாது. பாட்டன் காலத்து நிலம், தரிசாகப் போட மனம் வரவில்லை.

இப்படி மணிச்சத்து தேங்கிய மானாவாரி நிலத்தில் டிஏபியை நிறுத்திவிட்டு மறுபடி வேம் இட்டவர்களுக்கு, எத்தனையாவது பட்டத்தில் பயிர் வறட்சி தாங்கியது?