வட்டாரக் குடிவரவு அமைப்புக்கு யார் பணம் கட்டுவது: சந்தாவா, கொடையா?

கேள்வி கேட்டவர்: அரைப்பக்கம்

வணக்கம். பொது நிர்வாக முதுகலைக்கு ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். குடிவரவுத் துறைகள் கூடி நடத்தும் வட்டார அமைப்புகளுக்கு நிதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் பொருள். வேலைக்கு ஆள் அனுப்பும் ஆசிய நாடுகளின் கொழும்புச் செயல்முறை, ஆள்கடத்தலைத் தடுக்க நாடுகள் கூடிப் பேசும் பாலி செயல்முறை, பசிபிக் வட்டாரக் குடிவரவுத் துறைகளின் பசிபிக் குடிவரவு மேம்பாட்டுச் சமூகம் ஆகிய மூன்றையும் எடுத்திருக்கிறேன்.

என் குழப்பம் இதுதான். பசிபிக் அமைப்பில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உறுப்பினர்கள், சின்னத் தீவு நாடுகளான நியுவேயும் துவாலுவும் உறுப்பினர்கள். நியுவேயின் மக்கள்தொகை இரண்டாயிரம்கூட இல்லை. அவர்களிடம் சந்தா வசூலித்து என்ன ஆகப்போகிறது? வசதியுள்ளவர்களே முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் வேலை சுலபமாக நடக்குமே என்று எழுதினேன். வழிகாட்டி அந்தப் பத்தியைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டு, "அப்படியா?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இப்படி ஒரு செயலகத்தில் நாலு வருடம் கணக்குப் பார்த்தவன் நான். எது என்று சொல்ல மாட்டேன், நீங்கள் எடுத்திருக்கும் மூன்றில் ஒன்று இல்லை. கொள்கை எனக்கு அவ்வளவாக வராது, லெட்ஜரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வந்த பணம் இரண்டு வகை: பொதுநிதி, திட்டநிதி. பொதுநிதி உறுப்பினர் சந்தாவிலிருந்து வருவது. வாடகை, சம்பளம், மின்கட்டணம் என எதற்கும் எடுக்கலாம். திட்டநிதி கொடை நாடு ஒரு காரியத்துக்கென்று முடிச்சுப் போட்டுத் தருவது. தொகை பார்த்தால் இதுதான் பெரிது. ஆனால் முடிச்சை நம் இஷ்டத்துக்கு அவிழ்க்க முடியாது.

ஒரு கொடை நாடு, உறுப்பு நாடுகளின் விமான நிலையங்களுக்குக் கள்ளக் கடவுச்சீட்டைப் பிடிக்கும் கருவிகள் வாங்கித் தந்தது. நல்ல கருவிதான். புற ஊதா விளக்கின் அடியில் வைத்தால் சாதாரணத் தாள் நீலமாகப் பளிச்சிடும். அசல் கடவுச்சீட்டின் தாள் மங்கலாகவே இருக்கும், உள்ளே பதித்த இழைகள் மட்டும் மின்னும். திட்டம் முடிந்து எட்டாவது மாதம் ஒரு நாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது: விளக்கு போய்விட்டது, மாற்று விளக்கு அனுப்ப முடியுமா? விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் திட்டக் கணக்கை மூடியாயிற்று, மிச்சத்தைக் கொடை நாட்டுக்குத் திருப்பி அனுப்பித் தணிக்கையும் முடிந்துவிட்டது. பொதுநிதியிலோ அந்தக் காலாண்டில் வாடகையும் இரண்டு பேர் சம்பளமும் போக ஒன்றும் தேறவில்லை. அந்தக் கருவி ஒரு வருடத்துக்கு மேல் துணி போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. சின்ன நாட்டுச் சந்தாவால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அந்த விளக்கை வாங்கியிருக்கலாம்.

அதற்காக எல்லோருக்கும் ஒரே தொகை என்பதும் நடக்காது. ஐ.நா.வின் வழக்கமான வரவுசெலவில்கூட ஒரு நாட்டின் பங்கு 22 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 0.001 சதவீதத்துக்குக் கீழே போகவும் கூடாது. மேலேயும் ஒரு வரம்பு இருப்பதைக் கவனியுங்கள். ஒரே நாடு பாதிக்கு மேல் கட்டினால், அந்த நாட்டில் ஆட்சி மாறும் அன்று செயலகத்துக்கு வயிற்றைக் கலக்கும்.

வசூல் கதை தனி. எங்கள் கணக்காண்டு ஜனவரியில் தொடங்கும். ஆஸ்திரேலியாவுக்கு ஜூலை, இந்தியாவுக்கு ஏப்ரல், அமெரிக்காவுக்கு அக்டோபர் என்று ஒவ்வொரு அரசுக்கும் ஒரு கணக்கு. நாங்கள் ஜனவரியில் பில் அனுப்பினால், அங்கே "அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் பார்க்கலாம்" என்பார்கள். ஒரு முறை ஒரு சின்ன நாடு சொன்ன தேதிக்கு முன்பே கட்டிவிட்டது. இடையில் இருந்த வங்கி கட்டணமாக 18 டாலரைப் பிடித்துக்கொண்டது. மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியுமா? அந்த நாட்டை நிலுவைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூன்று மாதம் கழித்துக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைத் திரையில் போட்டோம். அவர்களின் இயக்குநர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தேநீர் இடைவேளையில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

எல்லைக்கோடு எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணா சொல்வது செயலகம் என்று ஒன்று இருக்கும் அமைப்புக்குச் சரி. கொழும்புச் செயல்முறைக்கு அப்படியே பொருந்தாது. 2003-இல், வேலைக்கு ஆள் அனுப்பும் ஆசிய நாடுகள் சேர்ந்து தொடங்கியது அது. இப்போது உறுப்பினர்கள் 12. தலைமை சுற்றிச்சுற்றி வரும், நிர்வாக உதவியை ஐ.ஓ.எம். என்கிற சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு செய்கிறது. இதன் மூன்றாவது அமைச்சர் கூட்டம் 2005-இல் பாலித் தீவில் நடந்தது (பாலி செயல்முறை வேறு), நான்காவது டாக்காவில் 2011-இல். நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். 2018 காத்மாண்டு கூட்டத்துக்குப் பிறகு தலைமை ஆப்கானிஸ்தானுக்குப் போனது, 2021-இல் அங்கே அரசே கவிழ்ந்துவிட்டது. 2024 மே மாதம் இந்தியா முதல்முறையாகத் தலைமை ஏற்றபோது அறிவித்த முன்னுரிமைகளில், நிதி நிலைத்தன்மையை மறுஆய்வு செய்வதும் தலைமைச் சுழற்சியை ஒழுங்குபடுத்துவதும் இருந்தன. அரைப்பக்கம், உங்கள் வழிகாட்டி போட்ட சிவப்பு வட்டத்துக்கு விடை அங்கே கொஞ்சம் இருக்கிறது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.ஓ.எம். கையிலும் முடிச்சில்லாத பணம் குறைவுதான், பெரும்பகுதி திட்டத்தோடு கட்டிவந்த கொடை. 2025-இல் கொடை சுமார் 30 சதவீதம் குறையும் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஊழியர்களைக் குறைக்க வேண்டிவந்தது. அடுத்தவன் திண்ணையில் அலுவலகம் வைத்தால் வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் வந்தாலும் நமக்குத்தான் கஷ்டம்.

அப்புறம் நிகழ்ச்சிநிரல். ஆள் அனுப்பும் நாட்டுக்குத் தரகர் கட்டணமும் சம்பள பாக்கியும் பெரிய விஷயம். கொடை கொடுக்கும் நாட்டுக்கு எல்லைக் கண்காணிப்பு பெரிய விஷயம். பணம் யாருடையதோ, அவருடைய விஷயம்தான் காலை அமர்வில் வரும். மற்றது சாப்பாட்டுக்குப் பிறகு.

அரைப்பக்கம்:

இருவருக்கும் நன்றி. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சின்ன நாடுகள் பணம் குறைவாகக் கொடுத்தாலும் ஆள், இடம், நேரம் தருகிறார்களே, அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

கணக்குப்பிள்ளை:

நான் இருந்த இடத்தில் காட்டவேயில்லை, அதுதான் உண்மை. பெரிய நாடு ஓர் அதிகாரியை அயல்பணியில் அனுப்பினால் அவர் சம்பளத்தை மதிப்பிட்டு "பணமில்லாப் பங்களிப்பு" என்று எழுதுவோம். அதற்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, தணிக்கையாளர் ஒத்துக்கொள்வார்.

ஒரு தீவு நாட்டில் குடிவரவுத் துறையே ஏழு பேர். ஐந்து நாள் பயிற்சிக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். விமானம் வாரத்துக்கு இரண்டுதான், ஆகப் போக வரப் பன்னிரண்டு நாள். மிச்சம் ஐந்து பேர் விமான நிலையம், துறைமுகம், விசா கவுன்ட்டர் எல்லாவற்றையும் ஓட்டினார்கள். எங்கள் லெட்ஜரில் அது "பயணச் செலவு" என்று எங்கள் பங்களிப்பாக ஏறியது, ஏனென்றால் டிக்கெட்டும் தினப்படியும் நாங்கள் கொடுத்தது. அவர்கள் பக்கம் பூஜ்யம்.

உங்கள் அறிக்கையில் ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் அனுப்பிய ஆள்-நாட்களைத் துறையின் மொத்த ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், வரிசை தலைகீழாக மாறலாம். கூட்ட அறிக்கைகளின் பின்னிணைப்பில் பங்கேற்றோர் பட்டியல் இருக்கும், அதை எண்ணினாலே பாதி வேலை முடிந்தது. மொத்த ஆள் எண்ணிக்கைக்கு அந்தந்தத் துறைக்கே நேராக எழுதிக் கேளுங்கள். சின்னத் துறையில் கடிதத்தை இயக்குநரே பிரிப்பார், பதில் சீக்கிரம் வரும்.