அரிதாக விழுந்த எல்க் சீட்டும் அறியாத மலையும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஜூனிபர்நிழல்:

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மொகோயான் ரிம் பகுதியில் காளை எல்க்கை, அதாவது அந்தப் பெரிய மானினத்தின் ஆணை, வில்லால் வேட்டையாடும் அனுமதிச் சீட்டு, குலுக்கலில் தோற்கும் ஆண்டுகளுக்குத் தரும் புள்ளிகளை 14 ஆண்டுகள் சேர்த்த பிறகு எனக்கு விழுந்தது. வெளிமாநிலத்தவருக்கு அங்கே சீட்டுகளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். ஆகவே காத்திருந்த கதையை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஏழாம் நாள் மாலையைப் பற்றி மட்டும்.

வரைபடத்தில் குறித்து வைத்திருந்த கால்நடைக் குட்டைகள் ஒன்றும் பயன்படவில்லை. அந்த ஆண்டு பருவமழை செப்டம்பர் வரை நீண்டுவிட்டதால் பாறைக் குழிகளில் எல்லாம் தண்ணீர் நின்றது. ஒரு குட்டையை நம்பி வரவேண்டிய தேவை எந்த எல்க்குக்கும் இல்லை. ஆறு நாட்களை அப்படிக் கழித்துவிட்டு, ஏழாம் நாள் காளையின் ஊதல் போன்ற கூவலைத் தொடர்ந்து நான் ஒருபோதும் பார்த்திராத ஓர் ஓடைச் சரிவில் பாதி தூரம் இறங்கினேன். நான் பெண் எல்க்கின் குரலை ஒருமுறை எழுப்பியதும், காளை கீழிருந்து மேலேறி என்னை நோக்கி வந்தது. முதலில் வந்தது அதன் நாற்றம், கிடாய் நாற்றத்தோடு சேற்றைக் குழைத்தது போல. பிறகு ஜூனிபர்க் கிளையில் கொம்பு உரசும் ஒலி. 28 கஜத்தில் நின்றது. நாணை முழுவதும் இழுத்துப் பிடித்திருந்தேன். தோளும் நெஞ்சும் ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் இருந்தன. மரத்துக்கு இப்பால் கடைசி மூன்று விலாக்களும் வயிறும் மட்டுமே தெரிந்தன. இன்னும் ஓர் அடி அது முன்னால் வைத்தால் போதும் என்று காத்திருந்தபோது, என் பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது. பகலெல்லாம் மேலேறிக்கொண்டிருந்த காற்று அந்த நொடியில் திரும்பிவிட்டிருந்தது. காளையின் மூக்குத் துளைகள் ஒருமுறை விரிந்து சுருங்கின. அவ்வளவுதான், அடுத்த கணம் அங்கே மரம் மட்டும் நின்றது.

அந்த மூன்று விலாக்களுக்குப் பின்னால் அம்பை விட்டிருக்க வேண்டுமா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

கிலாக்காரன்:

விடாதது சரி. அங்கே பட்டால் ஈரல், ஓர் அங்குலம் பின்னால் போனால் குடல். இருட்டும் நேரத்தில், தெரியாத ஓடையில், குடலில் அம்பு பட்ட எல்க்கைத் தேடிப் போவது எப்படிப்பட்டது என்று போனவர்களுக்குத்தான் தெரியும்.

என்னுடையது அதற்கு நேர்மாறான வருத்தம். நியூ மெக்சிகோவில் புள்ளி முறை கிடையாது. முதல்முறை விண்ணப்பித்தவனுக்கும் இருபதாம் முறை விண்ணப்பித்தவனுக்கும் ஒரே வாய்ப்பு. வழிகாட்டி இல்லாமல் விண்ணப்பிக்கும் வெளிமாநிலத்தவருக்குச் சீட்டுகளில் ஆறு விழுக்காடு. முதல் முயற்சியிலேயே எனக்கு கிலாவில் அக்டோபர் துப்பாக்கிச் சீட்டு விழுந்தது. 1924ஆம் ஆண்டிலேயே பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட காடு அது. சாலை கிடையாது, வாகனம் நுழையக் கூடாது. நான் சமவெளியில் வெண்வால் மான் சுட்டுப் பழகியவன். அதுதான் என் பிழையின் வேர்.

நான்காம் நாள் மாலை நாலே முக்காலுக்குக் காளை விழுந்தது. ஒரே குண்டு. ஓக் புதர் மண்டிய செங்குத்தான சரிவில் உருண்டு, வலப்பக்கம் தரையில் படியக் கிடந்தது. குடலை எடுத்து, வயிற்றுக்குள் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தேன். பிறகு இரவு நன்றாகக் குளிரும், காலையில் நண்பனோடு வந்து கூறு போடலாம் என்று நினைத்து மூன்று மைல் நடந்து முகாமுக்குப் போய்விட்டேன். இரவில் உண்மையாகவே குளிர்ந்தது. கூடாரத்தின் மேல் உறைபனி படிந்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்துகூடப் போனேன்.

காலை பத்து மணிக்கு இடது தொடையை அறுத்தோம், நன்றாக இருந்தது. உடலைப் புரட்டி வலது தொடையின் இடுப்புக் கிண்ணத்தில் கத்தியை வைத்ததும், எலும்பை ஒட்டி இன்னும் சூடு இருப்பதைக் கையில் உணர்ந்தேன். பதினேழு மணி நேரம் கழித்தும் சூடு. அதன் பின்னால் அந்த நாற்றம் எழுந்தது, புளித்ததும் இனித்ததுமாக. நண்பன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து தள்ளிப் போய் நின்றான். வெளிக்கறி சிவப்பாகவே இருந்தது, எலும்பருகில் பச்சை ஓடியிருந்தது. முந்நூறு கிலோ உடம்பு, அதன் மேல் குளிர்காலத்துக்கென்று தடித்த மயிரும் தோலும், அடியில் சூட்டை வெளியே விடாத மண். மானைப் போல நினைத்து அதை அப்படியே விட்டுப் போனேன். முப்பது கிலோவுக்குக் குறையாத தொடைக்கறியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். கொம்பு என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. விருந்தினர் அதைப் புகழும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது அந்த நாற்றம்தான்.

வடகாற்று:

நண்பர் ஜூனிபர்நிழல் அவர்களே, அம்பை விட்டிருக்க வேண்டுமா என்ற கேள்வியே தவறானது. அந்த மாலை அந்த நேரத்தில் நீங்கள் அந்தக் காளைக்கு மேலே நின்றிருக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

யூட்டா மாநிலத்தில் எனக்குச் சீட்டு விழுந்த ஆண்டு நானும் ஒரு காளையை இதேபோல் இழந்தேன். காலை ஒன்பதரை மணி, ஆறு கிளைக் கொம்பு, காற்று திரும்பியது, போய்விட்டது. அதற்குமேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுவது பலருக்கும் பயன்படும்.

மலையில் காற்று வெயிலுக்குக் கட்டுப்பட்டது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் வழிவதைப் போல ஓடை வழியே கீழே இறங்குகிறது. வெயில் சரிவில் விழுந்து தரை சூடேறியதும், ஏறக்குறைய ஒன்பது பத்து மணிக்கு, அது மேலேறத் தொடங்குகிறது. மாலையில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் போனவுடன், வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, நிழல் விழுந்த சரிவில் காற்று மறுபடி இறங்கிவிடுகிறது. ஆகவே காலையில் மேலிருந்து அணுகக் கூடாது, மாலையில் நிழல் விழுவதற்கு முன்பே கீழ்மட்டத்துக்கு வந்துவிட வேண்டும். நீங்கள் சூரியன் மறையும் நேரத்தில் மேலே இருந்துகொண்டு, கீழே இருந்த காளையை அழைத்திருக்கிறீர்கள். எருக்கம் பஞ்சு போன்ற இலேசான பஞ்சை ஒரு டப்பியில் எடுத்துப் போய் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டும். பொடியை விட அது நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரியும், பத்தடியில் ஒரு திசையில் போவது நாற்பதடியில் திரும்புவதையும் காட்டும்.

இரண்டாவதாக, குட்டைகளை நம்பி ஆறு நாட்கள் உட்கார்ந்தது. மழை நீண்ட ஆண்டில் குட்டையை மறந்துவிட்டுப் புல்லையும் பெண் எல்க்குகளையும் தேட வேண்டும். செப்டம்பரில் பெண் எங்கேயோ காளையும் அங்கே. 14 ஆண்டுகள் காத்திருந்தவர் ஜூலையில் ஒருமுறையாவது போய் நான்கு நாட்கள் நடந்து பார்த்திருக்கலாம். அரிசோனாவில் 2022ஆம் ஆண்டு முதல் வேட்டைக்குத் தானியங்கிக் காமிராக்களைப் பயன்படுத்தத் தடை இருப்பதால் கால்தான் ஒரே வழி. தடை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சரி என்பது என் எண்ணம்.

கிலாக்காரன் நண்பருக்கும் ஒரு சொல். குடலை எடுக்காமலே, படுத்திருக்கும் நிலையிலேயே மேல்பக்கத் தோலை உரித்து, சப்பையையும் தொடையையும் முதுகுக்கறியையும் எடுத்துத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு புரட்டி மறுபக்கத்தையும் அவ்வாறே செய்ய வேண்டும். தனியாளாக இரண்டு மூன்று மணி நேர வேலை. தலைவிளக்கு எதற்கு இருக்கிறது?

கிலாக்காரன்:

இவையெல்லாம் மறுநாள் காலையிலிருந்து எனக்கும் தெரியும், ஐயா.

பனிமுகடு:

வயோமிங்கின் அப்சாரோக்கா மலைகள். சீட்டின் அருமையைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. வெளிமாநிலத்தவர் அங்கே வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட காட்டுக்குள் நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். ஆனால் உரிமம் பெற்ற வழிகாட்டியோ அதற்கான அனுமதி எடுத்த உள்ளூர்வாசியோ உடன் இல்லாமல் எல்க் வேட்டையாடக் கூடாது என்பது மாநிலச் சட்டம். பாதுகாப்புக்காக என்கிறார்கள், வழிகாட்டிகளின் வருமானத்துக்காக என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும் சட்டம் சட்டம்தான். நான் தனியாகப் போயிருந்ததால் எல்லைக்கு இப்பால் மட்டும் வேட்டையாட முடிவு செய்திருந்தேன்.

முழங்கால் வரை பனி. காலையிலிருந்து ஒரு தனிக் காளையின் குளம்புத் தடத்தைப் பின்தொடர்ந்து ஏறினேன். கரடி நாடு என்பதால் ஒரு கை எப்போதும் இடுப்பில் இருந்த மிளகுத் தெளிப்பான் மேலேயே இருந்தது. நண்பகல் வாக்கில் லாட்ஜ்போல் பைன் ஒன்றில் வனாந்தர எல்லைப் பலகை ஆணியடித்திருப்பதைக் கண்டேன். தடம் பலகையைக் கடந்து போயிருந்தது. பலகைக்கு அப்பால் எழுபது கஜத்தில் காளை நின்றது. பனியைக் காலால் கிளறிப் புல் தின்றுகொண்டிருந்தது. முதுகில் பனி படிந்து உருகாமல் இருந்தது. கைப்பேசி குளிரில் செத்துப் போயிருந்ததால் வரைபடத்தைப் பார்க்க முடியவில்லை. துப்பாக்கியின் பாதுகாப்பு விசையைக்கூட நான் தொடவில்லை. பலகைக்குக் கீழே உட்கார்ந்து, செயற்கைக்கோள் செய்திக் கருவியில் மனைவிக்கு "நலமாக இருக்கிறேன்" என்று அனுப்பினேன். காளை என் கண்ணெதிரே முன்னங்காலை மடித்துப் படுத்து அசைபோடத் தொடங்கியது. அரைமணி நேரம் நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். பிறகு நான் இறங்கிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிய பின் அந்தச் செய்தியோடு பதிவாகியிருந்த இடக்குறிப்பை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். எல்லைக்கோடு அங்கே மேல்முகட்டின் வழியாகப் போகிறது. பலகையை யாரோ ஏறச் சோம்பி இருநூறு கஜம் கீழேயே அடித்திருக்கிறார்கள். காளை படுத்திருந்த இடம், கருவியின் பிழையைக் கழித்துப் பார்த்தாலும், எனக்கு அனுமதி இருந்த பக்கத்தில்தான் இருக்கிறது.

வடகாற்று:

வனத்துறையின் அச்சு வரைபடம் ஒன்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தால் மின்கலத்தின் தயவு தேவையில்லை. முகட்டில் போகும் எல்லையை எவரும் கண்ணாலேயே அறியலாம்.

பனிமுகடு:

அச்சு வரைபடம் இருந்தது. அதிலும் எல்லை முகட்டில்தான் போகிறது. என் கண்முன்னே அரசுப் பலகை ஒன்று வேறு இடத்தைச் சொல்லும்போது எதை நம்பித் துப்பாக்கியைத் தூக்குவது? வண்டி, துப்பாக்கி, வருங்கால உரிமம் எல்லாவற்றையும் பணயம் வைக்கும் கேள்வி அது. உங்களுக்கு அது எளிதாக இருந்திருக்கலாம்.

கரிமலை:

என்னுடையதில் மலைமுகடும் இல்லை, வனாந்தரமும் இல்லை. கிழக்குக் கென்டக்கி. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் விண்ணப்பித்துச் சில நூறு பேருக்குச் சீட்டு விழும் மாநிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே எல்க் இனம் அற்றுப்போனது. 1997 முதல் 2002 வரை மேற்கு மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 1,500 எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். விட்ட இடம், நிலக்கரிக்காகத் தலை வெட்டப்பட்ட மலைகள். சுரங்கம் மூடிய பின் மேலே மண் பரப்பிப் புல் விதைத்திருக்கிறார்கள். நான் நகரத்து மருத்துவமனையில் செவிலியர். என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் துப்பாக்கி பிடிக்கக் கற்றுத் தந்தவர். எனக்குப் பெண் எல்க் சீட்டு விழுந்தபோது எங்களில் யாருக்கும் அந்தப் பகுதியில் ஒரு சாலைகூடத் தெரியாது.

டிசம்பர், மூடுபனி. படிக்கட்டு போல வெட்டிய மலையில் கீழ்த்தட்டில் நாங்கள் படுத்திருந்தோம். எங்கோ அப்பால் இன்னும் இயங்கும் சுரங்கத்தின் லாரிகள் பின்னோக்கி வரும்போது எழுப்பும் பீப் ஒலி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மூடுபனி ஒருமுறை விலகியபோது மேல்தட்டின் விளிம்பில் ஒன்பது பெண் எல்க்குகள் நின்றன. முதலில் நின்றதைத் தொலைநோக்கிக்குள் கொண்டுவந்தேன். 160 கஜம், பக்கவாட்டில், அசைவே இல்லை. அதன் கழுத்தில் ஒரு பட்டை இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் கட்டிய அலைபரப்பிப் பட்டை. அதற்குக் கீழே மயிர் தேய்ந்து தோல் தெரிந்தது. நோயாளியின் மணிக்கட்டில் நான் நாள்தோறும் பார்க்கும் பட்டையின் தழும்பு போலவே இருந்தது அது. நான் விரலை எடுத்துவிட்டேன். அக்கா காதருகில் "சுடு, சுடு" என்கிறார், மூடுபனி மூடிக்கொண்டது. மறுநாள் வேறொன்றைச் சுட்டேன், கறி முழுவதும் வீடு வந்து சேர்ந்தது, குறையொன்றுமில்லை.

பட்டை கட்டியதைச் சுடுவதற்கு அங்கே தடையில்லை, பட்டையைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று பிறகு சொன்னார்கள். தடையில்லை என்று முன்பே தெரிந்திருந்தால் சுட்டிருப்பேனா என்பதற்கு என்னிடம் விடையில்லை. அக்கா இன்றுவரை நான் பயந்துவிட்டேன் என்றே நினைக்கிறார்.

வடகாற்று:

சகோதரி, அந்த மாநிலத்தின் கையேட்டில் இது தெளிவாகவே

கிலாக்காரன்:

விடுங்கள் ஐயா.

ஜூனிபர்நிழல்:

எல்லோருக்கும் நன்றி. வடகாற்று அவர்கள் காற்றைப் பற்றி எழுதியது சரியே, எனக்கு அதை மறுக்க வாயில்லை. முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். மறுநாள் காலை அந்த ஓடைக்குத் திரும்பிப் போனேன். மழை பெய்து நெகிழ்ந்திருந்த மண்ணில் எல்லாம் பதிந்திருந்தது. காளை திரும்பிப் பாய்ந்த இடத்தில் பின்குளம்புகள் மண்ணைக் கிழித்திருந்தன. ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பைன் மரத்துக்கு இப்பால், முன்னங்குளம்பின் தடம் ஒன்று ஆழமாக, சிதையாமல் இருந்தது. நான் காத்திருந்த அந்த ஓர் அடியை அது எடுத்து வைத்திருக்கிறது. பிடரியில் பட்ட காற்றை நினைத்துக்கொண்டிருந்த நொடியில் நான் அதைப் பார்க்கவில்லை.

சீட்டு விழுந்ததும் சேர்த்த புள்ளிகள் அழிந்துவிட்டன. தொடர்ந்து விண்ணப்பிப்பவருக்குத் தரும் ஒன்று மட்டும் மிச்சம். பிப்ரவரியில் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன்.