மார்க்கா பள்ளத்தாக்குக்கு சோலார் பேனல் தூக்கிக்கொண்டு போகலாமா?

மதுரைவீதி:
ஆகஸ்ட் இரண்டாவது வாரம் நாங்கள் நான்கு பேர் லடாக் போகிறோம். சில்லிங்கில் ஆரம்பித்து மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக நடந்து, நிமாலிங்கில் கூடாரம் போட்டு, கொங்மாரு லா கணவாயைத் தாண்டி இறங்குவதாகத் திட்டம். மொத்தம் ஆறு நாள் நடை. கையில் நான்கு செல்போன், ஒரு கேமரா. கூட வருகிற மச்சான் 28 வாட் மடக்கு சோலார் பேனல் ஒன்றை ஆன்லைனில் பார்த்துவைத்துக்கொண்டு, "இது ஒன்று போதும், பவர் பேங்கே வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாங்கிப் பயன்படுத்தியவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். சண்டை போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை, விஷயம் தெரிந்தால் சரி.

ஓம்விதி:
வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிடுங்கள். கணக்கைப் போட்டால் அவரே ஒப்புக்கொள்வார்.

5,000 எம்.ஏ.எச். போனுக்குள் இருப்பது சுமார் 19 வாட் ஹவர். (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் ஹவர்.) மலையில் ஏரோபிளேன் மோடில் வைத்து, படம் எடுக்கவும் வழி பார்க்கவும் மட்டும் எடுத்தால் நாளுக்கு 8 செலவாகும் என்று வையுங்கள். (ஏரோபிளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.) 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 74 வாட் ஹவர். உள்ளே 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட். மாற்றுகிற வேலையில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். கைக்கு வருவது 60. ஒரு போனுக்கு ஒரு வாரம் தாராளமாகப் போதும். எடை 350 கிராம்.

விமானத்திலும் சிக்கல் இல்லை. 100 வாட் ஹவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம். செக்-இன் பெட்டியில் மட்டும் போடக் கூடாது.

அப்புறம் அந்த 28 வாட். அது ஆய்வகத்து வாட். சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், செல்லின் சூடு 25 டிகிரி என்ற நிலையில் அளந்தது. வெயிலில் கிடக்கும் கறுப்புப் பலகை 25 டிகிரியிலா இருக்கும்? 60-ஐத் தொடும். சிலிக்கான் செல் டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் இழக்கும். வெயில் கொளுத்தினால் கரண்டும் கொட்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அல்ல.

பொதிமாடு:
ஓம்விதி சார், கணக்கு சரி, ஊர் தப்பு. நீங்கள் சொல்கிற 60 டிகிரி நம்ம ஊர் மொட்டைமாடி. லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது, நிமாலிங் 4,800. அங்கே காற்று மெல்லிசு, ஈரம் கிடையாது. வெயில் ஊசி மாதிரி குத்தும், அதே நேரம் நிழலில் குளிரும். பேனலுக்கு அதைவிட நல்ல இடம் இந்தியாவில் எங்கே இருக்கிறது?

நான் 2022 செப்டம்பரில் அதே பாதையில் 21 வாட் பேனலோடு போனேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை பவர் பேங்க் நிரம்பியது. நாங்கள் தங்கிய கிராமத்து வீட்டிலும் சோலார்தான், ஆனால் அது விளக்குக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த பேட்டரியும் மங்கிவிட்டது. அதில் போய் ஐந்து பேர் போனைச் சொருகுவது அநியாயம். விருந்தாளியாக இருந்தாலும் ஒரு அளவு வேண்டாமா?

எடையையும் பாருங்கள். ஆளுக்கு ஒன்று என்றால் நான்கு பவர் பேங்க், 1,400 கிராம். பேனல் 700, ஒரு பவர் பேங்க் 350, ஆக 1,050. தீர்ந்துபோன பவர் பேங்க் வெறும் செங்கல். பேனல் மறுநாளும் வேலை செய்யும்.

கூடலூர்மழை:
லடாக் தெரியாது. என் அனுபவம் மேற்குத் தொடர்ச்சி மலை. அகத்தியர்கூடத்துக்கு பேனலைத் தூக்கிக்கொண்டு போன அறிவாளி நான். பொனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரைக்கும் பாதி வழி மரக்குடைக்குக் கீழேதான் நடை. புல்வெளி வந்தால் மேகம். மூன்று நாளில் போனில் 11 சதவீதம் ஏறியது. அந்த 11-ம், ஏறுகிறதா ஏறுகிறதா என்று திரையைத் தட்டித் தட்டிப் பார்த்ததிலேயே தீர்ந்தது.

நம்ம பக்கத்துக்கு இது தேவையே இல்லை என்பது என் கட்சி. அரசு 2024 அக்டோபரில் ஆரம்பித்த ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளைப் பாருங்கள், பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்குவதுதான். வெள்ளியங்கிரியில் கூட்டம் கூட்டமாக ராத்திரியில் ஏறி விடிந்ததும் இறங்குகிறார்கள். நிலா வெளிச்சத்தில் சார்ஜ் ஏறுமா?

நீலகிரித்தைலம்:
குறுக்கே ஒரு கேள்வி. முதுகிலேயே சின்ன சோலார் பலகை ஒட்டிய பவர் பேங்க் விற்கிறார்களே, அது நல்லதா? என் தம்பி ஒன்று வாங்கி வந்திருக்கிறான். பை மேல் மாட்டிக்கொண்டே நடக்கலாமாம்.

ஓம்விதி:
உள்ளங்கை அகலம், கொஞ்சம் நீளம், சுமார் 100 சதுர சென்டிமீட்டர். நேர் வெயிலில் அதன்மேல் விழுவதே 10 வாட்தான். நல்ல செல்லாக இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2 வாட். கடையில் வருவது ஒன்று, ஒன்றரை. 74 வாட் ஹவரை நிரப்ப ஐம்பது மணி நேரம் வெயில் வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரம் நல்ல வெயில் என்றால் பத்து நாள். அதுவும் பேட்டரியைப் பேனலோடு சேர்த்து வறுத்துக்கொண்டே. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதே கெடுதல். தம்பி வீட்டு பிளக்கில் போட்டு, சாதாரண பவர் பேங்க் போலப் பயன்படுத்தட்டும். முதுகில் இருப்பது அலங்காரம்.

பொதிமாடு:
இதில் மட்டும் ஓம்விதி சாரோடு நான் ஒரே கட்சி. நோட்டீஸ் ஒட்டலாம்.

டெல்டாக்காரன்:
நீங்கள் எல்லாரும் மலையைப் பேசுகிறீர்கள். நான் சமவெளி ஆள். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரை கடந்தது. அதற்கப்புறம் எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் போனுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி சார்ஜ் போட்டுக்கொடுத்தார். சைக்கிள் பயணத்துக்காக நான் வாங்கி பரணில் போட்டிருந்த 14 வாட் பேனலை அன்றைக்குத்தான் துடைத்து எடுத்தேன். விழுந்த தென்னை மேலேயே சாய்த்து வைத்தேன், நிழல் தர மரமே மிச்சமில்லையே. எங்கள் தெருவே அதில் போன் பேசியது.

வாங்கியவர் ஆறு நாள் நடைக்கு மட்டும்தான் வைத்திருப்பார் என்று ஏன் கணக்குப் போடுகிறீர்கள்?

ஓம்விதி:
டெல்டாக்காரன் சொல்வதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் கேட்டவர் புயலுக்கு வாங்கவில்லை, ஆறு நாள் நடைக்கு வாங்குகிறார். அங்கே அது என்ன தரும் என்று பார்ப்போம்.

நடக்கிறபோது பை மேல் தொங்கவிட்டால் பேனல் வானத்தைப் பார்க்காது, பின்னால் வருகிறவரைப் பார்க்கும். வெயில் நேராக விழாமல் 60 டிகிரி சாய்ந்து விழுந்தால் பாதிதான் வரும். உங்கள் தலை நிழல் ஒரு மடிப்பின் மேல் விழுந்தால் அந்தப் பாதியும் போச்சு. செல்கள் வரிசையாகக் கோத்தவை, ஒன்று மூடினால் அந்த வரிசை முழுவதும் இளைக்கும். பாதை வடக்கே திரும்பும், தெற்கே திரும்பும், சூரியன் உங்களுக்காகத் திரும்பாது. நடப்பவனுக்கு சோலார் கிடையாது, உட்காருகிறவனுக்குத்தான்.

சரி, எப்போது உட்காருவார்கள்? காலை ஏழரைக்குக் கிளம்பி இரண்டு மணிக்கு முகாம். பள்ளத்தாக்கில் நாலரைக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். இரண்டரை மணி நேரம். 14 வாட் வந்தால் 35 வாட் ஹவர். அது பவர் பேங்குக்குள் போய்த் திரும்பி வரும்போது 25.

பொதிமாடு:
மதிய ரொட்டிக்கு முக்கால் மணி நேரம், தேநீருக்கு அரை மணி நேரம் எங்கே போயிற்று? உங்கள் ஆட்கள் சாப்பிடவே மாட்டார்களா?

பை மேல் தொங்கவிட்டால் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் குதிரை மேல் கட்டினோம். மார்க்காவில் சாமான் சுமக்கக் குதிரையோ கோவேறு கழுதையோ எடுப்பார்கள். முதுகு அகலம், மூட்டை மேல் பேனல் படுத்தாற்போல் கிடக்கும். நேராக வானத்தைப் பார்க்கும்.

நீலகிரித்தைலம்:
குதிரை உருளாதா?

பொதிமாடு:
உருளும். இரண்டாம் நாள் உருண்டது. சுமையை இறக்குவதற்கு முன்னாலேயே புழுதியில் படுத்துவிட்டது. ஒரு மடிப்பு போயிற்று, மிச்சம் இரண்டில் ஓட்டினோம். 21 வாட் 14 ஆனது. அதை முதலில் சொல்லாதது என் தப்பு.

ஓம்விதி:
இரண்டு நாளுக்கு ஒரு முறை நிரம்பிய கதை இரண்டாம் நாளுக்கு முன்பா, பின்பா?

பொதிமாடு:
பின்பும் நிரம்பியது, மூன்று நாளுக்கு ஒரு முறை. உங்களுக்கு வக்கீல் வேலை நன்றாக வரும் சார்.

கூடலூர்மழை:
ஆகஸ்ட் என்றதால் ஒன்று. லடாக்கில் மழையே பெய்யாது என்று நம்பிப் போகாதீர்கள். 2010 ஆகஸ்ட் 6 அதிகாலையில் லே நகரத்திலேயே மேகம் வெடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்த அளவுக்கு வேண்டாம், இரண்டு நாள் மூடிக்கொண்டாலே பேனல் ஒரு விலை உயர்ந்த உட்காரும் பாய்தான். பவர் பேங்கே வேண்டாம் என்ற மச்சான் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று, வெளி மாநிலத்து பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் டவரைத் தேடித் தேடியே போன் செத்துவிடும்.

டெல்டாக்காரன்:
போனை நேராகப் பேனலில் சொருகவே கூடாது. மேகம் ஒன்று கடந்தால் மின்சாரம் சட்டென்று விழும். போன் 'மெதுவான சார்ஜர்' என்று முடிவு கட்டிவிடும். மேகம் போன பிறகும் பல போன்கள் அதே மந்தத்திலேயே கிடக்கும், பிடுங்கி மறுபடி சொருக வேண்டும். பகலில் பவர் பேங்குக்கு ஏற்றுங்கள், அதை நிழலில் வையுங்கள், ராத்திரி அதிலிருந்து போனுக்கு.

நீலகிரித்தைலம்:
நிமாலிங்கில் ஆகஸ்ட் ராத்திரியே உறைகிற குளிர் இருக்கும். போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாவற்றையும் காலுறைக்குள் போட்டு தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே சில்லிட்டுக் கிடக்கும் லித்தியம் பேட்டரிக்கு அப்படியே சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெடும். விடிந்ததும் ஆர்வத்தில் பேனலை விரித்து மாட்டிவிடாதீர்கள்.

மதுரைவீதி:
எல்லாருக்கும் நன்றி. இதற்குள் மச்சான் பேனலை வாங்கியே விட்டான். நேற்று மதுரை மொட்டைமாடியில் யூஎஸ்பி மீட்டர் வைத்துப் பார்த்தோம். மதியம் பன்னிரண்டரை, மேகமே இல்லை. ஒரு துளையில் மட்டும் மாட்டினால் 11 வாட். இரண்டிலும் மாட்டினால் மொத்தம் 17. 28-ஐக் கண்ணாலும் பார்க்கவில்லை. தரையில் தட்டையாகப் போட்டிருந்ததை எடுத்து, அடியில் காற்றுப் போகிற மாதிரி கயிற்றுக்கட்டில் மேல் வைத்தோம், 18-ஐத் தொட்டது. துணிக்கொடியில் தொங்கிய வேட்டியின் நிழல் ஒரு மடிப்பில் விழுந்ததும் 6. மச்சான் முகம் அதைவிடக் கீழே போயிற்று.

பிறகு உட்கார்ந்து வாட் ஹவரில் கூட்டினேன். நான்கு போன், நாளுக்கு 8, ஆறு நாள்: 192. கேமரா பேட்டரி ஒன்று சுமார் 15, மூன்று முறை ஏற்ற வேண்டும்: 45. ஆக 237. கிளம்பும்போது போன்களில் இருப்பது 76. இரண்டு பவர் பேங்க் 120. இதுவரை 196. குறைவது 41. ஓம்விதி சார் சொன்ன ஒரு மாலைக்கு 25 என்றால், இரண்டு நல்ல மாலை கிடைத்தால் கதை முடிந்தது. ஐந்து மாலை இருக்கிறது.

ஓம்விதி:
கணக்கு சுத்தம். ஆனால் அதே 41-ஐ மூன்றாவது பவர் பேங்க் ஒன்று 350 கிராமில் தந்துவிடும், வானம் எப்படி இருந்தாலும். பேனல் 700 கிராம், இரண்டு பவர் பேங்கின் எடை. அந்த இரண்டு தருவது 120. பேனல் அதைப் பிடிக்க ஐந்து மாலையும் மேகமில்லாமல் இருக்க வேண்டும். ஆறு நாளைக்குக் கணக்கு என் பக்கம். பத்துப் பன்னிரண்டு நாள் நடையாக இருந்தால் நானே பேனல் எடுப்பேன், பொதிமாட்டிடம் சொல்ல வேண்டாம்.

பொதிமாடு:
படித்துவிட்டேன்.

மதுரைவீதி:
மூன்றாவதும் ஒன்று வாங்கியாயிற்று சார். பேனலும் வருகிறது. திருப்பி அனுப்பச் சொன்னால் மச்சான் பயணத்தையே நிறுத்திவிடுவான் போலிருக்கிறது.

ஓம்விதி:
அப்போ மூன்று பவர் பேங்க், அதற்கு மேல் 700 கிராம் சும்மா. யார் சுமப்பது?

மதுரைவீதி:
மச்சான்தான். குதிரை மேல் கட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.