நாஸ்ட்ரோ, வோஸ்ட்ரோ: ‘நம் கணக்கு’ வேண்டாம், ‘எம்வைப்பு’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

ஒரு வங்கி இன்னொரு வங்கியில் வைத்திருக்கும் கணக்கை, வைத்த வங்கி நாஸ்ட்ரோ என்றும், பேரேட்டை எழுதும் வங்கி வோஸ்ட்ரோ என்றும் சொல்லும். உங்கள் கலைச்சொல் பட்டியலுக்கு நாஸ்ட்ரோவுக்கு ‘நம் கணக்கு’, வோஸ்ட்ரோவுக்கு ‘உங்கள் கணக்கு’ என்று நீங்கள் முன்வைத்ததைப் படித்தேன். இத்தாலிய மொழியில் அவற்றின் நேர்ப்பொருள் அதுதான். ஆனால் ‘நம்’ மட்டும் கூடவே கூடாது என்று எனக்குப் படுகிறது.

நான் கம்பத்தில் ஏலக்காய் ஏற்றுமதிக்குக் கணக்கு எழுதுபவன். வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துக் காய் போடியிலும் புத்தடியிலும் ஏலம் போய், வளைகுடாவுக்குக் கப்பல் ஏறுகிறது. விலை டாலரில். துபாய்க்காரர் அனுப்பும் டாலர் நேராகக் கம்பத்துக்கு வந்துவிடாது. நம் ஊர் வங்கிக்கு நியூயார்க்கில் உள்ள ஒரு வங்கியில் கணக்கு இருக்கும்; பணம் அங்கே வரவு வைக்கப்பட்ட பிறகுதான் இங்கே ரூபாயாகும். அந்த நியூயார்க் கணக்குதான் நாஸ்ட்ரோ. ஒருமுறை, வாங்கியவரின் பெயர் அமெரிக்கப் பொருளாதாரத் தடைப்பட்டியலில் உள்ள யாரோ ஒருவரின் பெயரைப் போல இருந்ததால், எங்கள் பணம் மூன்று வாரம் இடைவழியிலேயே நின்றது. காய் போய்ச் சேர்ந்துவிட்டது, தோட்டக்காரருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். தடை என்பது எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பணம் நம்முடையதுதான், ஆனால் பேரேடு அவர்கள் கையில்.

அந்தப் பேரேடு கலைச்சொல்லிலும் தெரிய வேண்டும். ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் அவர் சேர்த்தி இல்லை. இத்தாலிய மொழியில் இந்த வேறுபாடு கிடையாது, தமிழில் உண்டு. குமுளியில் ஏறி மலையாளத்தில் பேசினாலும் ‘நம்முடெ’ வேறு, ‘ஞங்ஙளுடெ’ வேறு. ஆந்திர எல்லையில் தெலுங்கில் ‘மன’, ‘மா’ என்பார்கள். ஒரு வங்கி இன்னொரு வங்கியிடம் ‘உங்களிடம் இருக்கும் எங்கள் கணக்கு’ என்று சொல்லும்போது ‘நம்’ என்று போட்டால், கணக்கு இருவருக்கும் பொது என்று ஆகிவிடும். பொருளே தலைகீழாகிறது.

அதனால் நான் கேட்பது: நாஸ்ட்ரோவுக்கு ‘எம்வைப்பு’, வோஸ்ட்ரோவுக்கு ‘நும்வைப்பு’. மூன்றாமவர் கணக்கான லோரோவுக்கு ‘அவர்வைப்பு’. ‘எமக்கு வேறு கிளைகள் இல்லை’ என்று கடைப்பலகைகளில் இன்றும் பார்க்கிறோமே, அந்த ‘எம்’தான் இது. ‘எம் கணக்கு’ என்றே வைக்கலாமே என்றால், சேர்த்துச் சொல்லும்போது ‘எங்கணக்கு’ ஆகி, பேச்சில் ‘என் கணக்கு’ போலக் கேட்கும். ‘வைப்பு’ என்பதில் இன்னொருவர் கையில் கொண்டுபோய் வைத்தது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. ‘உம்’ என்று போட்டால் உம் விகுதியோடு குழம்பும், ஆகவே பழைய ‘நும்’. சற்றுப் பழைய வாடை அடிக்கும்தான். இரண்டு மாதம் செய்தியில் வந்தால் பழகிவிடும் என்று நம்புகிறேன்.

செய்தியில் வைத்துப் பார்ப்போம். 2022 ஜூலை 11 அன்று ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வணிகத்தை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள வழி திறந்தது. வெளிநாட்டு வங்கி இந்திய வங்கியில் தொடங்கும் கணக்கு அது. ‘சிறப்பு ரூபாய் நும்வைப்பு’ என்று எழுதலாம். 2012-இல் ஈரான் எண்ணெய்க்கான பணத்தில் ஒரு பகுதியை யூகோ வங்கியில் ரூபாயாகப் போட்டதும் இதே வகைதான். அப்புறம் 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் குவிந்த ரூபாயைச் செலவழிக்க வழியில்லை என்று சொன்னார். இங்கிருந்து பார்த்தால் அது நும்வைப்பு, மாஸ்கோவிலிருந்து பார்த்தால் எம்வைப்பு. ஒரே கணக்குக்கு இரண்டு பெயர் வருவதைக் குறையாகச் சொல்ல வேண்டாம், கணக்கின் இயல்பே அதுதான்.

2022 பிப்ரவரியில் முடக்கப்பட்ட ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பு ஏறக்குறைய 30,000 கோடி டாலர். பெரும்பகுதி, கடன்பத்திரங்களைக் காத்துவைக்கும் நிறுவனமான பெல்ஜியத்தின் யூரோகிளியரில் மாட்டிக்கொண்டது. கறாராகப் பார்த்தால் அது நாஸ்ட்ரோ கணக்கு அல்ல, முடக்கப்பட்டபோது பெரும்பாலும் கடன்பத்திரங்களாக இருந்தது. ஆகவே அங்கே ‘எம்வைப்பு’ போடக் கூடாது, ‘அயல்நாட்டில் வைத்த கையிருப்பு’ என்றே எழுதலாம். கலைச்சொல்லை அதன் எல்லைக்குள் வைப்பதும் முக்கியம்.

நும்வைப்பில் ‘நும்’ கரடுமுரடாகப் படுகிறது என்றால், ‘உமதுவைப்பு’ என்பதையும் ஏற்கிறேன். ‘நம்’ மட்டும் வேண்டாம், ஐயா. பட்டியலில் ஏற்றுமுன் வங்கியில் வேலை பார்த்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்,
கம்பத்திலிருந்து