கையால் செய்த கிட்டாரில் சூட்டுக்கோல் முத்திரை: எந்த இடத்தில், எந்தக் கட்டத்தில் வைப்பது?

தச்சன்விரல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இதுவரை ஆறு கிட்டார்களைச் செய்து முடித்திருக்கிறேன். ஏழாவது இப்போது மேசைமேல் இருக்கிறது. முதல் ஆறிலும், ஒலித்துளை வழியாகப் பார்த்தால் தெரியும்படி பின்பலகையின் உட்புறத்தில் ஒரு காகிதச் சீட்டை ஒட்டி, அதில் பட்டறையின் பெயரையும் வரிசை எண்ணையும் பேனாவால் எழுதி வந்தேன். இரண்டாவது கிட்டார் அண்மையில் ஒரு சிறு பழுதுக்காக என்னிடமே திரும்பி வந்தபோது அந்தச் சீட்டின் ஒரு மூலை பிய்ந்து நின்றது. மை வெளிறிப்போய், நான் எழுதியதை நானே ஊகித்துப் படிக்க வேண்டியிருந்தது. இனி மரத்திலேயே சூடு போட்டுவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சூட்டுக்கோலும் செய்து வாங்கியாயிற்று. 150 வாட் மின்கோல். அதன் நுனியில் 40 மி.மீ. விட்டமுள்ள பித்தளை முகம். நடுவில் ஓர் இலை, அதைச் சுற்றி வட்டமாகப் பட்டறையின் பெயர் தமிழில். ஒலிப்பலகைக்கான ஸ்ப்ரூஸ் மரத்தின் வெட்டுத்துண்டுகளில் ஏழெட்டு முறை வைத்துப் பார்த்தேன். இலை நன்றாகவே விழுகிறது. எழுத்துகள்தாம் படுத்துகின்றன. ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு கரும்பொட்டாகிவிடுகின்றன, மெய்யெழுத்தின் புள்ளி ஒரு முறை விழுந்தால் மறுமுறை விழுவதில்லை, முத்திரையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு படலமும் பரவுகிறது. ஆறேழு விநாடி அழுத்துகிறேன். அதற்குக் குறைந்தால் கருமை போதவில்லை.

தலைப்பகுதியின் பின்புறத்தில், லாக்கர் பூசி மெருகேற்றிய பிறகு கடைசி வேலையாக இதைச் செய்யலாம் என்பது என் திட்டம். அது சரிதானா? பித்தளைக்குப் பதில் எஃகில் முகம் செய்திருக்க வேண்டுமா? பழகியவர்கள் சொன்னால் ஏழாவது கிட்டாரைக் கெடுக்காமல் தப்பித்துக்கொள்வேன்.

பழைய உளி:

முதலில் உங்கள் திட்டத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்: சூடு முன்னால், பூச்சு பின்னால். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் சட்டென்று தீப்பற்றக்கூடிய பொருள். பற்றாமல் போனாலும் முத்திரையின் விளிம்பெங்கும் கொப்புளித்து உரிந்து நிற்கும். அந்தப் புகையையும் நீங்கள்தான் மூச்சில் இழுக்க வேண்டியிருக்கும். வேறு எந்தப் பூச்சானாலும், பூசிய மரத்தின்மேல் சூட்டுக்கோலை வைப்பதற்கு நான் ஒப்பமாட்டேன்.

அடுத்தது பசை. நாம் பயன்படுத்தும் வெள்ளை, மஞ்சள் பசைகள் ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையும் சூட்டுக்கு இளகக்கூடியதுதான். மரத்தைக் கருக்க வேண்டுமானால் கோலின் முகம் 300 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். ஆகவே முத்திரைக்கு நேர் கீழே, அதுவும் மெல்லிய மரத்துக்கு அடியில், ஒட்டு இருக்கலாகாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு கிட்டாரின் தலைப்பகுதியில் ஒன்றரை மி.மீ. கனமுள்ள மஹோகனி வெனீரை ஒட்டி, மறுநாளே அதன்மேல் முத்திரை வைத்தேன். படம்போல அழகாக விழுந்தது. ஒரு வாரம் கழித்துத் தற்செயலாக விரலால் தட்டியபோது, மற்ற இடமெல்லாம் கெட்டியாக ஒலிக்க, முத்திரைக்கு அடியில் மட்டும் பொள்ளென்று ஒலித்தது. வெனீரை முழுவதுமாக இழைத்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். அந்த முத்திரை இழைப்புளிச் சுருளோடு போயிற்று.

இனி உங்கள் எழுத்துகளுக்கு வருகிறேன். சூடு போதவில்லை என்றோ நேரம் போதவில்லை என்றோ நீங்கள் நினைக்கிறீர்கள். என் கணிப்பில் பாதிக் குற்றம் முகத்தைச் செதுக்கியதில் இருக்கிறது. எழுத்துகளுக்கு இடைப்பட்ட பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அளந்து பாருங்கள். ஒரு மி.மீ. அளவுக்குத்தான் இருந்தால், பள்ளத்தின் தரையும் மரத்துக்கு மிக அருகில் வந்து, தொடாமலே அதைப் பழுப்பாக்கிவிடும். நான் 3 மி.மீட்டருக்குக் குறைந்து செதுக்கவிடுவதில்லை. ‘ண’வின் சுழி போன்ற மூடிய கண்களில் நாற்புறமும் சூடான சுவர்; உள்ளே கிளம்பும் புகை வெளியேற வழியும் இல்லை; ஆகவே அந்தக் குறுகிய இடத்து மரம் தொடப்படாமலே கருகிப்போகும். கண்ணின் உள்ளகலம் ஒன்றேகால் மி.மீட்டராவது இருக்கும்படி எழுத்தைப் பெரிதாக்கி வரைய வேண்டும், அல்லது சுழியை ஓரிடத்தில் திறந்துவிட வேண்டும். நம் எழுத்துகள் சுழியாலானவை. ஆங்கில எழுத்துக்கென்று வகுத்த கோட்டளவுகள் இவற்றுக்குப் பொருந்துவதில்லை.

புள்ளியின் கதை வேறு. அது தனித்து நிற்கும் ஒரு சின்னஞ்சிறு முளை. குளிர்ந்த மரத்தைத் தொட்டதும் அதன் சூடு முதலில் இறங்கிவிடும். கோட்டைப் போலப் பக்கத்திலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. அதோடு, முகம் மயிரிழை அளவு சமமில்லாமல் இருந்தாலும் புள்ளி மரத்தை எட்டாது. தடித்த கண்ணாடியின்மேல் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, குளிர்ந்த முகத்தை அதன்மேல் எட்டு வடிவில் நாலைந்து சுற்றுத் தேய்த்துப் பாருங்கள். எழுத்தெல்லாம் ஒரே பளபளப்பைக் காட்ட வேண்டும். புள்ளி மட்டும் மங்கலாகவே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பழுப்புப் படலத்துக்கு மருந்து, நீங்கள் செய்வதற்கு நேர் எதிரானது. குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால் சூடு பக்கவாட்டில் கசிந்து பரவும். கூடிய சூட்டில் இரண்டு மூன்று விநாடி வைத்து எடுத்தால் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். கோலை நன்றாகக் காயவிடுங்கள். ஒரு முறை அழுத்தியபின் இழந்த சூட்டை அது மீட்டுக்கொள்ளச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். எஞ்சும் மெல்லிய படலத்தை 320 எண் தாளால் நாரின் போக்கில் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். இதற்காகவே முத்திரை அரை மி.மீ. ஆழமாவது இறங்கியிருக்க வேண்டும்.

வில்லும் தந்தியும்:

நான் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். புதிதாகச் செய்பவன் அல்லன். ஆகவே முத்திரை விழுந்த நாளைவிட, ஐம்பது ஆண்டு கழித்து அது எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்த்துப் பழகியிருக்கிறேன்.

வயலின் வில் செய்பவர்கள் நெடுங்காலமாகத் தங்கள் பெயரை வில்தண்டில், கை பிடிக்கும் இடத்தை ஒட்டி முத்திரையாகப் பதித்து வந்திருக்கிறார்கள். வாசிப்பவரின் விரலும் வியர்வையும் படப்பட, அந்தப் பெயர் சற்றே குழிந்த ஒரு நிழலாக மாறிவிட்டதைப் பல விற்களில் காணலாம். அதைவிடக் கொடுமை, மங்கிய பெயரின்மேல் வேறொருவர் வேறு இரும்பை வைத்து அழுத்தியிருப்பது. கிட்டாரில் தலைப்பகுதியின் பின்புறமும் அவ்வாறே கை படும் இடம். சுவரில் சாய்த்து வைத்தால் உராய்வதும் அதுவே. அங்கே வைக்க வேண்டாமென்று தடுக்கவில்லை. அங்கே மட்டும் வைக்க வேண்டாம் என்கிறேன்.

என் பரிந்துரை உடலின் உட்புறம். பின்பலகையின் இரு பாதிகளும் சேரும் மூட்டின்மேல் ஒட்டுகிற நடுப்பட்டை ஓரிடம். கழுத்து வந்து பொருந்துகிற உட்கட்டை, அதாவது கழுத்துக்கட்டை, மற்றோரிடம். இரண்டையுமே ஒட்டுவதற்கு முன், தனித்துண்டாக மேசைமேல் வைத்துச் சூடு போட்டுக்கொள்ளலாம். எனவே மேலே சொன்ன பசைச் சிக்கலும் எழாது. பின்பலகையின்மேலேயே நேரடியாக வைக்காதீர்கள். இரண்டு, இரண்டரை மி.மீ. கனமே உள்ள அகன்ற பலகையில் ஒரு முகம் மட்டும் திடீரென்று உலர்ந்தால், அந்தப் பக்கமாக அது குழிந்துகொள்ளும்.

இன்னொன்று, முகத்தில் எதைச் செதுக்குகிறோம் என்பது. சி. எஃப். மார்ட்டின் நிறுவனம் 1833இல் நியூயார்க்கில் தொடங்கி, 1839இல் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆயினும் 1898 வரை அதன் கிட்டார்களின் உள்ளே ‘நியூயார்க்’ என்ற முத்திரையே விழுந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அதில் வணிகக் காரணம் இருந்தது. நமக்கோ, வீடு மாறினால் இரும்பையும் மாற்ற வேண்டியிருக்கும். ஊர்ப்பெயரும் ஆண்டும் இரும்பில் வேண்டாம். வரிசை எண்ணை எண் உளிகளால் தனியே அடித்துக்கொள்ளலாம். மார்ட்டின் கிட்டார்களில் 1898 முதல் வரிசை எண் கழுத்துக்கட்டையில்தான் இருக்கிறது. வாங்கியவர்களுக்கும் பழுதுபார்ப்பவர்களுக்கும் பெயரைக் காட்டிலும் பயன்படுவது அந்த எண்ணே.

உலைக்களம்:

பித்தளையா எஃகா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. பித்தளை சாதாரண எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், செதுக்குவதும் எளிது. ஒரே பருமனுள்ள எஃகு, பித்தளையைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டைத் தன்னுள் வைத்திருக்கும். ஆனால் அதை மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கும். இரண்டு விநாடியில் முடிகிற வேலைக்குப் பித்தளையே பொருத்தம். அடுப்பிலோ வாயு விளக்கிலோ காய்ச்சுகிற கோலானால் எஃகு என்று சொல்லியிருப்பேன், ஏனெனில் கைதவறி அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் பித்தளையின் நுண்ணிய கோடுகள் முதலில் கெடும். உங்களுடையது மின்கோல், மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. சூடாக இருக்கும்போது தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள்.

பழைய உளி அவர்கள் விளிம்பைப் பற்றிச் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கையால் அழுத்தினால் 40 மி.மீ. முகத்தைச் சாயாமல் இறக்குவது அரிது. ஒரு பக்கம் ஆழ்ந்து மறுபக்கம் மங்கும். நான் கோலைத் துளையிடும் இயந்திரத்தின் தண்டோடு பிணைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதன் நெம்புகோலால் நேர்குத்தாக இறக்குகிறேன். அதாவது அந்த இயந்திரத்துக்கு அப்போது மின்சாரமே இருக்கக் கூடாது, சூட்டுக்கோலுக்கு மட்டும்தான். கீழே மரத்தை நிறுத்த இரண்டு முட்டுக்கட்டைகளைப் பொருத்திவிட்டால், பத்தாவது துண்டும் முதல் துண்டின் இடத்திலேயே விழும்.

ஸ்ப்ரூஸில் ஒத்திகை பார்ப்பதையும் நிறுத்துங்கள். அதில் ஆண்டு வளையத்தின் வெளிர்பகுதி மென்மையானது, கருவரி கடினமானது. ஒரே அழுத்தத்தில் முன்னது ஆழ்ந்து கருகும், பின்னது மேடாக நிற்கும். எழுத்தின் கோடு ஏணிப்படிபோல் வருவது உங்கள் கைக்குறை அன்று. மஹோகனியும் மேப்பிளும் சீராக வாங்கிக்கொள்ளும். எந்த மரத்தில் வைக்கப்போகிறீர்களோ, அந்தப் பலகையிலிருந்து வெட்டிய துண்டிலேயே ஒத்திகை பாருங்கள்.

தச்சன்விரல்:

மூவருக்கும் நன்றி. பள்ளத்தை அளந்தேன், 1.2 மி.மீ. இருந்தது. செதுக்கியவரிடமே திருப்பிக் கொடுத்து 3 மி.மீ. ஆழப்படுத்தினேன், ‘ண’வின் சுழிகளையும் திறந்து வெட்டச் சொன்னேன். கண்ணாடிமேல் தேய்த்தபோது, நீங்கள் சொன்னபடியே, புள்ளியோடு வட்டத்தின் கீழ்ப்பாதியும் மங்கலாகத்தான் இருந்தது. சமப்படுத்திய பிறகு, கழுத்துக்கட்டைக்கான மஹோகனியின் வெட்டுத்துண்டில் மூன்று விநாடி வைத்தேன். புள்ளி விழுந்தது, பன்னிரண்டு முறையும் விழுந்தது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. தலைப்பகுதியின் பின்புறத்திலும் சிறிதாக ஒன்று வைக்க ஆசை. அங்கே அடியில் ஒட்டு இல்லை, ஒரே மரம். ஆனால் ஒத்திகைத் துண்டில் அரக்குப் பாலிஷைத் துணிப்பொதியால் தேய்த்தபோது கரி கரைந்து மரமெங்கும் சாம்பல் நிறமாக இழுபட்டுவிட்டது. மற்றொன்று, அடுத்த கிட்டாருக்கு ஈட்டிமரத்தில் கழுத்துக்கட்டை செய்தால் முத்திரை தெரியுமா?

பழைய உளி:

ஈட்டியில் கருமைமேல் கருமை. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அதன் எண்ணெய்ப்பசையும் சூட்டில் கசிந்து, கோலின் முகத்தில் பிசுக்காக அப்பிக்கொள்ளும். கட்டை ஈட்டியாகவே இருக்கட்டும். முத்திரையை மஹோகனி நடுப்பட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

கரி இழுபடுவதற்குக் காரணம் தளர்ந்த தூள்தான். முத்திரை ஆறியதும் பழைய பல்துலக்கியால் குழிக்குள்ளே நன்றாகத் தேய்த்து, ஊதித் தள்ளி, 320 தாளால் மேற்பரப்பை இழுத்து, மறுபடியும் ஊதுங்கள். முதல் இரண்டு பூச்சையும் துணியால் தேய்க்காமல், நீர்த்த அரக்கைத் தெளிப்பானால் மெல்லியதாகத் தெளித்து உலரவிடுங்கள். அந்தப் படலம் கரியை உள்ளேயே பூட்டிவிடும். பிறகு பொதியால் எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. உட்புறக் கட்டையில் பூச்சே வேண்டியதில்லை. துலக்கிவிட்டு அப்படியே விடுங்கள்.

கழுத்துக்கட்டையை இயந்திரத்தின் அடியில் வைப்பதற்கு முன், ஒலிப்பலகை வரும் பக்கத்தைக் காட்டி அதில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். தனியே மேசைமேல் கிடக்கும்போது அந்தக் கட்டைக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. என் பதினோராவது கிட்டாருக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் இன்றுவரை என் பெயரைத் தலைகீழாகத்தான் படிக்கிறார்கள்.